மொட்டைமாடிச் சூடு, கரிசல் மண், பழைய கிணறு: வீடு கட்டுகிறவர்கள் கேட்டவை

கேள்வி: மதுரையில் மேல்தளத்தில் இருக்கிறோம். ராத்திரி பதினொரு மணிக்கும் ஃபேன் அனல் காற்றைத்தான் தள்ளுகிறது. ஏசி தவிர வேறு வழி உண்டா?

உண்டு. ஏசி வாங்கினாலும் இதைச் செய்துவிட்டு வாங்குங்கள், கரண்ட் பில் குறையும். நம் ஊர் வெயில் சுவரைவிடக் கூரையைத்தான் அதிகம் தாக்குகிறது. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வரும், இடைப்பட்ட மாதங்களிலும் அதிகம் விலகுவதில்லை. பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கான்கிரீட் பொழுது சாய்ந்த பிறகுதான் கீழே விடும், அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உங்கள் அறை கொதிக்கிறது.

முதலில் மாடியை நன்றாகக் கழுவிக் காயவிட்டு, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு மூன்று முறை வெள்ளையாக அடியுங்கள். மாசிக்குள் முடித்துவிட்டால் கோடை முழுக்கப் பலன் கிடைக்கும். தூசி படிந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பாது, எனவே வருஷா வருஷம் அடிக்க வேண்டும். அப்புறம், உங்கள் மாடியில் தட்டோடு (தட்டையான சுட்ட களிமண் ஓடு) பதித்திருக்கிறதா? அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவார்கள், அதன் மேல் தட்டோடு. தண்ணீர் கசியாமல் காப்பதோடு சூட்டையும் தடுக்கிற வேலை அது. இப்போது பல இடங்களில் வெறும் சிமெண்ட் பூச்சோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. தளம் எடை தாங்குமா என்று ஒரு பொறியாளரிடம் காட்டிவிட்டு இப்போதும் போடலாம்.

கேள்வி: விளாத்திகுளம் பக்கம் எங்கள் நிலத்து மண்ணிலேயே கல் செய்து வீடு கட்ட ஆசை. மேஸ்திரி சிரிக்கிறார்.

மண் வீட்டுக்காகச் சிரித்தால் அவர் தப்பு, உங்கள் மண்ணுக்காகச் சிரித்தால் அவர் சரி. கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் பிளக்கும். ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் 1989 முதல் மண்ணால் கட்டும் வேலையைச் செய்துவருகிறது, அவர்கள் செய்வதுபோல் 5 சதவீத அளவில் சிமெண்ட் சேர்த்து இயந்திரத்தில் அழுத்துகிற கல்லுக்கு மணல் கலந்த செம்மண்தான் தோது. களி அதிகமுள்ள மண்ணுக்குச் சிமெண்டைவிடச் சுண்ணாம்புதான் பிடிக்கும். மேல்மண்ணை ஒதுக்கிவிட்டுக் கீழிருந்து கொஞ்சம் எடுத்து, கண்ணாடி ஜாடியில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று தனித்தனியாகப் படியும். பாதிக்கு மேல் களி என்றால் அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

செம்மண்ணை லாரியில் வெகுதூரத்திலிருந்து கொண்டுவருவதாக இருந்தால் அதில் சுற்றுச்சூழலுக்கு என்ன லாபம்? உங்கள் மாவட்டத்திலேயே தூத்துக்குடி அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கிறது, அதில் செய்யும் கல்லுக்குச் சூளையே வேண்டாம். அதைவிட முக்கியமானது அஸ்திவாரம். கரிசலில் சாதாரண அஸ்திவாரம் போட்டால் எந்தக் கல்லில் கட்டினாலும் சுவர் வெடிக்கும். ஆழமாக இறங்கி அடியில் குமிழ்போல் அகலும் கான்கிரீட் தூணான அண்டர்ரீம் பைல் பற்றிப் பொறியாளரிடம் பேசுங்கள், காசை அங்கே செலவழியுங்கள்.

கேள்வி: கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கட்டிய மாதிரி ராட் ட்ராப் சுவர் கேட்டால் கொத்தனார் மறுக்கிறார். சுவர் பலமாக இருக்காதா?

இருக்கும். பேக்கர் கேரளத்தில் இதில் எத்தனையோ வீடு கட்டியிருக்கிறார். செங்கலைப் படுக்க வைக்காமல் குத்தாக நிறுத்தி, நடுவில் மூன்று அங்குல இடைவெளி விட்டு 9 அங்குலச் சுவர் எழுப்புகிறோம், கால்வாசிச் செங்கல் மிச்சமாகும், உள்ளே நிற்கும் காற்று வெயிலையும் மட்டுப்படுத்தும். மூலை, ஜன்னல் ஓரம், லின்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்) கீழ்வரி ஆகியவற்றை மட்டும் கெட்டியாகக் கட்ட வேண்டும். கொத்தனார் மறுப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம்: நாட்டுச் செங்கல் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, அதில் இந்தக் கட்டு நேராக வராது. சேம்பர் சூளையில் சுட்ட, அளவு ஒத்த செங்கல் வாங்கிக் கொடுத்து, முதலில் காம்பவுண்டுச் சுவரில் பத்தடி கட்டச் சொல்லுங்கள். ஒயரிங் பைப் எங்கே போகிறது என்பதைக் கட்டுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், பிறகு சுவரை வெட்டக் கூடாது.

கேள்வி: செட்டிநாட்டு வீடுபோல முழுக்க முட்டைப் பூச்சு (முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு) பூசலாமா?

ஒரு சுவருக்குப் பூசுங்கள், அழகாக இருக்கும். வேலை தெரிந்தவர்கள் குறைவு, கூலியும் அதிகம். மற்ற இடங்களுக்கு நன்றாகப் புளித்த சாதாரணச் சுண்ணாம்புக் கலவையே போதும்.

கேள்வி: மேற்குப் பார்த்த மனை. முகப்பு முழுக்கக் கண்ணாடி வைக்க மகன் ஆசைப்படுகிறார்.

வேண்டாம். மேற்கு வெயில் சாய்வாக வரும், சன்ஷேடு தடுக்காது. மேற்கே மாடிப்படியும் குளியலறையும் வையுங்கள், பெரிய ஜன்னலை வடக்கே கொண்டுபோங்கள். மகனுக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

கேள்வி: இடிக்கப்போகிற வீட்டில் பழைய கிணறு இருக்கிறது. தூர்த்துவிட்டுக் கார் நிறுத்தலாமா?

தயவுசெய்து தூர்க்காதீர்கள். தமிழ்நாட்டில் 2003லேயே எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாகிவிட்டது, எப்படியும் நீங்கள் குழி வெட்டியாக வேண்டும். உங்களிடம் வெட்டிய குழியே இருக்கிறது! மாடித் தண்ணீரை ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டித் தொட்டி வழியாகக் கிணற்றில் விடுங்கள், முதல் மழையை மட்டும் வெளியே போகவிடுங்கள், தொட்டியை ஐப்பசிக்கு முன்பே சுத்தம் செய்துவிடுங்கள். செப்டிக் டேங்க் கிணற்றுக்குப் பக்கத்தில் வரவே கூடாது. கார் நிற்க வேண்டுமென்றால் அந்த எடைக்குக் கணக்குப் போட்டு மேலே கான்கிரீட் மூடி போடலாம், ஆனால் தூர்வார ஆள் இறங்குகிற அளவுக்கு அதில் ஒரு வாய் விட்டு, இரும்புக் கம்பிக் கதவு வைத்துப் பூட்டிவிடுங்கள்.