உப்புக்காற்றும் எவர்சில்வர் வாட்ச்சும்: கேள்வி பதில்

கீழக்கரையிலிருந்து: காக்கா, ரோலெக்ஸ் 904எல் ஸ்டீல், மற்றதெல்லாம் 316எல் என்கிறார்களே. பெயரைத் தவிர என்ன வித்தியாசம்?

கலவைதான் தம்பி. 316எல்-இல் குரோமியம் 16-18 சதவீதம், நிக்கல் 10-14, மாலிப்டினம் 2-3. 904எல்-இல் குரோமியம் 19-23, நிக்கல் 23-28, மாலிப்டினம் 4-5. கூடவே கொஞ்சம் செம்பு. உப்பைத் தாங்குவதில் பெரும்பங்கு மாலிப்டினத்துக்கு. கீறல் விழாது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். கடினத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே.

பாம்பனிலிருந்து: அண்ணே, 316எல் என்றுதான் வாங்கினேன். செயினில் பழுப்புக் கறை வருது. டூப்ளிகேட்டா?

கறையை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஸ்டீலின் மேல் கண்ணுக்குத் தெரியாத குரோமியம் ஆக்சைடு படலம் உண்டு. கீறினாலும் காற்றுப் பட்டதும் தானே மூடிக்கொள்ளும். கண்ணி இடுக்கில் வேர்வையும் உப்பும் அடைந்தால் காற்று போகாது, படலம் ஆறாது. உள்ளே தேங்கிய ஈரம் அமிலமாகி, உப்பிலுள்ள குளோரைடு குழி பறிக்கும். முகப்பு பளபளவென்று இருக்கும்போதே பின்மூடியில் வாஷர் உட்காரும் விளிம்பு அரித்துப்போவது இப்படித்தான். 904எல் காசுக்கு வேலை செய்வதும் இந்த இடுக்கில்தான். ஆனால் முதலில் செயினை வாட்ச்சோடு இணைக்கும் ஸ்பிரிங் பின்னைக் கழற்றிப் பாருங்கள். மட்ட ரகப் பின் துருவேறி, அந்தக் கறை செயினில் வழிந்திருக்கலாம். அப்படியென்றால் பின்னை மாற்றினால் போதும்.

வாலிநோக்கத்திலிருந்து: உப்பளத்தில் வேலை. எப்படிக் கழுவுவது?

அன்றன்றைக்கே கழுவுங்கள். காய்ந்த உப்பு ராத்திரி ஈரக்காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி அரிக்க ஆரம்பிக்கும். கிரவுன் (நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ்) திருகி இறுக்கியிருக்க வேண்டும். நீர் தாங்காத வாட்ச் என்றால் ஈரத்துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், நம் பக்கம் அதுவே உப்பு. வெதுவெதுப்பான நல்ல தண்ணீர், ஒரு சொட்டு பாத்திர சோப்பு, மெல்லிய பல் பிரஷ். செயினை வளைத்து வளைத்து இடுக்கில் தேய்த்து, நன்றாக அலசி, துணியால் ஒற்றி நிழலில் உலர்த்துங்கள். பிளீச்சிங் பவுடர் தண்ணீர் பக்கமே போகக் கூடாது.

தொண்டியிலிருந்து: சார், காந்தம் ஒட்டினால் போலியா?

வெடுக்கென்று ஒட்டினால் 430 போன்ற மலிவு ரகம். வளைத்து அடித்த இடத்தில் 316எல்-கூட லேசாக இழுக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒட்டாததால் 316 என்றும் ஆகாது. மாலிப்டினமே சேர்க்காத 304 ரக ஸ்டீலும் ஒட்டாது. எதுவானாலும் செயினைத் தனியாகக் கழற்றிச் சோதியுங்கள். பேட்டரி இல்லாத மெக்கானிக்கல் வாட்ச் என்றால், காந்தத்தை மேலேயே வைத்தால் உள்ளே மயிரிழை ஸ்பிரிங் காந்தமேறி, வாட்ச் வேகமாக ஓடத் தொடங்கிவிடலாம்.