மீன் தொட்டிக்குப் பழைய ஃபில்டரா, புதுசா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஒருத்தர் மீன் வளர்ப்பை விட்டுவிட்டாராம், கேனிஸ்டர் ஃபில்டரை (தொட்டிக்கு வெளியே வைக்கும் டப்பா ஃபில்டர்) பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

ஓடவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். ரெண்டு குழாயையும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டு அரை மணி நேரமாவது ஓடட்டும். தண்ணீரே இல்லாமல் பிளக்கைச் செருகி "பாருங்க, மோட்டார் சத்தம் கேக்குல்லா" என்பவரிடம் வாங்க வேண்டாம், அப்படி ஓட்டுவதே மோட்டாருக்குக் கெடுதல். ஓடும்போது ஃபில்டரைப் பழைய தினத்தாள் மேல் வையுங்கள், ஒரு சொட்டுக் கசிந்தாலும் தாளில் தெரிந்துவிடும். கசிவு பெரும்பாலும் மூடிக்கடியில் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தால்தான் வரும். நாளாக ஆக ரப்பர் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் வெடிப்பு தெரியும். சில பேர் அதில் வாசலினைத் தடவி ஊதிப்போக வைத்திருப்பார்கள், சிலிகான் கிரீஸ்தான் தடவ வேண்டும். அப்புறம் இம்பெல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளும் சின்னச் சுழலியை, வெளியே எடுத்துப் பாருங்கள்: இறக்கை உடைந்திருந்தாலோ செராமிக் தண்டு விரிசல் விட்டிருந்தாலோ கடகடவென்று சத்தம் வரும். ஓ-ரிங், இம்பெல்லர் எல்லாம் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் அந்த மாடலுக்கு ஸ்பேர் கிடைக்குமா என்று பணம் கொடுக்கும் முன்பே கடையில் கேட்டுவிடுங்கள். கிடைக்காதென்றால் பாதி விலை என்ன, கால் விலையே அதிகம். மூடியைப் பிடிக்கும் கிளிப் உடைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள்.

ரெண்டடித் தொட்டி, கப்பி மீன்தான். தொட்டிக்குள்ளேயே வைக்கும் பழைய இன்டர்னல் ஃபில்டர் சல்லிசாக வருகிறது...

புதுசு வாங்குங்கள். சின்ன ஃபில்டரில் மிச்சமாகும் பணம் ஒரு வேளை பிரியாணிக்குக்கூடக் காணாது. ரெண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடித் தொட்டி நிறைந்தாலே 56 லிட்டர்தான், மணிக்கு 250 லிட்டர் ஓடினால் தாராளம். கப்பிக் குஞ்சு உள்ளே இழுபடாமல் இருக்க ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே மேல்.

துபாயிலிருந்து வரும் மச்சான் அவர் பயன்படுத்திய ஃபில்டரைத் தருகிறார். அமெரிக்காவில் இருக்கும் தம்பியும் ஒன்று தருகிறேன் என்கிறான். எதை வாங்க? (கடையநல்லூர்)

மச்சானுடையதை வாங்குங்கள். அங்கேயும் நம்ம ஊர் மாதிரி 50 ஹெர்ட்ஸ், 220–240 வோல்ட் கரண்ட்தான், பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். நேரடியாகச் செருகினால் மோட்டார் காயில் (கம்பிச் சுருள்) புகைந்துவிடும், டிரான்ஸ்ஃபார்மர் போட்டாலும் வோல்ட்டைத்தான் குறைக்கலாமே தவிர ஹெர்ட்ஸ் மாறாது, மோட்டார் மெதுவாகத்தான் சுற்றும். எதற்கும் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கின ஃபில்டருக்குள்ளே ஒரே அழுக்கு. ஸ்பாஞ்ச், செராமிக் ரிங் எல்லாம் கழுவட்டுமா?

எங்கிருந்து வந்தது என்று முதலில் சொல்லுங்கள். நோயில்லாத தொட்டியில் இன்று காலை வரை ஓடியது என்றால் அந்த அழுக்குதான் உங்களுக்கு லாபம். மீன் கழிவில் வரும் அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா அதில்தான் ஒட்டியிருக்கிறது, புதுத் தொட்டியில் அது தானாக வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதே தொட்டித் தண்ணீரில் ஈரமாக எடுத்து வந்து அன்றைக்கே மாட்டிவிடுங்கள். தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் குழாய் வழியாக வரும்போது குளோரின் கலந்துதான் வருகிறது, அதில் அலசினால் பாக்டீரியா செத்துவிடும்.

மாசக்கணக்கில் பரணில் காய்ந்து கிடந்ததென்றால் உள்ளே எதுவும் உயிரோடு இருக்காது, தாராளமாகக் கழுவலாம், சோப்பு மட்டும் ஆகாது. மீன் செத்துக் காலியான தொட்டியிலிருந்து வந்ததென்றால் ஸ்பாஞ்சைக் குப்பையில் போடுங்கள், செராமிக் ரிங்கைக் கொதிக்க வையுங்கள். டப்பாவையும் குழாயையும் வாசனை சேராத பிளீச் ஒரு பங்குக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீர் கலந்து கால் மணி நேரம் ஊற வைத்து, நன்றாக அலசி, ஆன்டி குளோரின் (குளோரினைப் போக்கும் மருந்து) போட்ட தண்ணீரில் ஒருமுறை முக்கி வெயிலில் காய வைத்தால் போதும். வெயிலுக்குத்தான் நம்ம பக்கம் பஞ்சமில்லையே.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. பழைய ஃபில்டரில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. (திசையன்விளை)

வினிகரில் இம்பெல்லரையும் அது உட்காரும் குழியையும் ராத்திரி முழுக்க ஊற வைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். விலை பேசும்போது அந்த வெள்ளையைக் காட்டிப் பேசுங்கள், குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து மதியம் வரை கரண்ட் இல்லை. கேனிஸ்டர் தாங்குமா?

பழசோ புதுசோ, மூடிய டப்பாவுக்குள் ஓட்டமில்லாமல் நிற்கும் தண்ணீரில் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். கரண்ட் வந்ததும் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள், அந்த நாற்றத் தண்ணீர் முழுக்கத் தொட்டிக்குள் போகும். பிளக்கைப் பிடுங்கி, உள்ளே இருப்பதைக் கொட்டி, தொட்டித் தண்ணீரால் ஒரு அலசு அலசிவிட்டு ஓட விடுங்கள். அதுவரை மீனுக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப் இருக்கட்டும், அதைப் புதுசாகவே வாங்குங்கள்.