நெடுந்தூரக் குதிரைப் போட்டியில் உதவியாளராக நிற்க, குதிரைப் பழக்கம் இல்லாத கணவரை எப்படித் தயார்படுத்துவது?

உங்கள் கணவர் குதிரையின் அருகில்கூடப் போனதில்லை என்றும், அடுத்த எண்டியூரன்ஸ் (நெடுந்தூரக் குதிரை) போட்டிக்கு அவரையே உதவியாளராக அழைத்துச் செல்ல விரும்புவதால் முதலில் குதிரையேற்றம் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பது என் கருத்து. மனைவியின் போட்டிகளுக்கு உதவியாளராகச் செல்லும் நான் இன்றுவரை சேணத்தில் ஏறியதில்லை. உங்கள் கணவர் குதிரைகளைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் குதிரை ஒன்றை மட்டும் நன்றாக அறிந்திருந்தால் போதும்.

பாதுகாப்பை முதல் நாளிலேயே சொல்லிவிடுங்கள். குரல் கொடுத்துக்கொண்டே தோள் பக்கமாக நெருங்குவது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடிப்பது, குதிரையின் பின்னால் போக நேர்ந்தால் உதைக்கு எட்டாத தொலைவில் விலகிப் போவது, கனமான காலணி அணிவது ஆகியவை பழக்கமானால் பயம் தானாகக் குறையும்.

அதிக நேரம் செலவிட வேண்டியது இதயத்துடிப்பில்தான். பன்னாட்டு விதிகளின்படி நடக்கும் போட்டிகளில், சுற்றுகளுக்கு இடையே கால்நடை மருத்துவர் நடத்தும் சோதனைகளின்போது, பொதுவாகக் குதிரை வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 64 அல்லது அதற்குக் கீழ் இறங்கியிருக்க வேண்டும். கடைசிச் சுற்றைத் தவிர மற்றவற்றில், மருத்துவரிடம் குதிரையைக் காட்டும் வரை உங்கள் ஓட்ட நேரம் ஓடிக்கொண்டே இருக்கும் என்பதால், உதவியாளரின் கைவேகமும் உங்கள் நேரத்தில் சேர்கிறது. ஆகவே ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கொடுத்து, இடது முன்னங்காலின் முழங்கை மூட்டுக்குச் சற்றுப் பின்னால் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். புதியவர்கள் 'லப்', 'டப்' இரண்டையும் தனித்தனியாக எண்ணி 128 என்று பதறுவது வழக்கம். இரண்டும் சேர்ந்தே ஒரு துடிப்பு. 15 வினாடியில் 16 எண்ணினால் அது 64. ஓய்வில் நிற்கும் குதிரைக்கு 30 முதல் 40 வரை இருக்கும் என்பதால், தொழுவத்தில் ஓய்வின்போதும் பயிற்சி ஓட்டம் முடிந்தவுடனும் எண்ணிப் பழகினால், எவ்வளவு நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பது அவருக்கே பிடிபட்டுவிடும்.

குளிர்விப்பதையும் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். வெயில் நாளில் கழுத்து, தோள், விலா என்று உடல் முழுவதும் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்ற வேண்டும். குளிர்ந்த காற்று வீசும் நாளிலோ பின்தொடைத் தசைகள் இறுகிவிடாதபடி அங்கே போர்வை போட வேண்டும். எலக்ட்ரோலைட்டை (வியர்வையில் இழந்த உப்புகளை ஈடுசெய்யக் கொடுப்பது) பொறுத்தவரை ஒரே விதி: தண்ணீர் குடிக்காத குதிரைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

வேலையைப் பிரிக்கும்போது, வாளி, தீவனம், கடிகாரம் மூன்றையும் முழுவதுமாக அவரிடமே விட்டுவிடுங்கள். களைத்து இறங்கும் நீங்கள் ஒவ்வொன்றுக்கும் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தால், அவர் அடுத்த போட்டிக்கு வரமாட்டார். அந்த நேரத்தில் வாயில் வரும் கடுஞ்சொற்கள் கணக்கில் சேராது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது (எங்கள் வீட்டில் இந்த உடன்படிக்கைக்கு வேலை அதிகம்). உங்களுக்கு உப்புச் சேர்த்த உணவையும் மாற்றுக் காலுறையையும் நினைவூட்டுவது அவருடைய பொறுப்பு. அதற்குக் குதிரையறிவு தேவையில்லை, உங்களை அறிந்திருந்தால் போதும்.

இடைவேளையில் நீங்கள் நாற்காலியில் சாய்ந்துவிடுவீர்கள், குதிரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் அவர்தான். பயிற்சிக்குப் பின் வழக்கமாகத் தீவனத்தில் பாய்கிற குதிரை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாலோ, அதைச் சொல்லத் தயங்கக் கூடாது என்பதை அவருக்கு அழுத்திச் சொல்லுங்கள். அப்படி வந்து சொன்னால், தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். உங்களுக்கும் சந்தேகம் எழுந்தால் மருத்துவரை உடனே அழையுங்கள்.