குளியலறையில் வெள்ளைப் புள்ளி: காந்தம் வாங்கலாமா, ஃபில்டர் வாங்கலாமா?

கேள்வி: போன வருஷம் குளியலறையைப் புதுப்பித்தோம். தரைக்கு சஜின் மலை மார்பிள், குளிக்கும் இடத்தில் கண்ணாடித் தடுப்பு, குரோமியம் பூசிய குழாய்கள். குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான் வருகிறது. கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி, குழாயடியில் சுண்ணாம்புப் படிவு. எல்லா இடத்திலும் வினிகர் ஊற்றித் தேய்க்கச் சொல்கிறார் அண்ணி. கடைக்காரரோ குழாய்மேல் மாட்டும் காந்தம், கரி ஃபில்டர் இரண்டையும் காட்டி, எதை வாங்கினாலும் புள்ளியே வராது என்கிறார். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, மாந்தலே

பதில்: முதல் வேலையாக, வினிகர் மார்பிளில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயில் படிந்திருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். உங்கள் தரைக் கல்லும் அதேதான். படிவைக் கரைக்கிற புளிப்பு கல்லையும் அரிக்கும். பளபளப்பு போய்த் திட்டுத்திட்டாக மங்கும். அது துடைத்தால் போகாது, ஆள் வைத்து மறுபடி பாலிஷ் போட வேண்டும். உங்கள் மாந்தலேயில், புத்த மறைநூல் பொறித்த குத்தோடா பகோடாவின் 729 கல்வெட்டுப் பலகைகளும் இதே சஜின் மலைக் கல்தான். அவ்வளவு நல்ல கல்லை எலுமிச்சை, புளி, டாய்லெட் ஆசிட் எதனாலும் கழுவாதீர்கள். அமிலம் இல்லாத சோப்புத் திரவம், அப்புறம் உலர்ந்த துணி, தரைக்கு அது போதும்.

கண்ணாடிக்கும் குழாய்க்கும் வினிகர் சரி. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, துணியை நனைத்துப் பிழிந்து குழாயைச் சுற்றி வையுங்கள். பத்து நிமிடம் கழித்து நன்றாகக் கழுவுங்கள். கீழே சொட்டாமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் விரிப்பு போடுங்கள். டாய்லெட் ஆசிட் குரோமியப் பூச்சையே தின்றுவிடும். வினிகரோ ஆசிடோ, பிளீச்சோடு ஒருபோதும் சேர வேண்டாம்; குளோரின் வாயு கிளம்பி மூச்சைப் பாதிக்கும்.

இனி புள்ளி வராமல் இருக்க என்ன வழி? தண்ணீர் ஆவியாகிவிடும், அதிலுள்ள சுண்ணாம்பு ஆவியாகாது. மாந்தலே வெயிலில் ஒரு துளி காய எவ்வளவு நேரமாகும்? அதனால் கடைசியாகக் குளிக்கிறவர் ரப்பர் வைப்பரால் கண்ணாடியை மேலிருந்து கீழே ஒரு இழுப்பு இழுத்து, குழாயைத் துணியால் துடைத்துவிட வேண்டும். நான் சொல்வதில் மிக மலிவானதும் மிக உறுதியானதும் இதுதான். கட்டிச் சோப்பு இந்தத் தண்ணீரோடு சேர்ந்து பிசுபிசுப்பான சாம்பல் படலம் கட்டும். குளிக்கும் ஜெல்லுக்கு மாறினால் அது குறையும். சொட்டுகிற குழாய்க்கு உடனே வாஷர் மாற்றுங்கள்.

இப்போது கடைக்காரர் காட்டியதற்கு வருவோம். காந்தம் மாட்டினாலும் சுண்ணாம்பு தண்ணீரில் அப்படியேதான் இருக்கும், காய்ந்தால் புள்ளி வரும். கரி ஃபில்டர் குளோரினையும் வாடையையும் எடுக்கும், சுண்ணாம்பை எடுக்காது. இந்த வேலைக்கு இரண்டுமே வேண்டாம்.

வீடு முழுவதற்கும் உதவுவது வாட்டர் சாஃப்ட்னர். அதிலுள்ள பிசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகளை அவ்வப்போது உப்புத் தண்ணீரால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். அதனால் கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இதுக்கு உப்புப் போடணுமா?" வேண்டாம் என்றால் அது சாஃப்ட்னரே இல்லை. மின்வெட்டு இருக்கிற ஊரில், மணிகளைக் கழுவ டைமர் வைத்ததைவிடக் கையால் திருப்பும் வால்வு உள்ளதே நல்லது.

ஆனால் வாங்குவதற்கு முன் தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மக்னீசியத்தின் அளவு, லிட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் மிகக் கடினமான தண்ணீர், வாங்குவதில் அர்த்தம் உண்டு. 120க்குள் இருந்தால் வைப்பரே போதும் என்பேன். தண்ணீர் உப்புக் கரித்தால் அந்த உப்பை சாஃப்ட்னர் குறைக்காது. புள்ளி அப்போதும் வரும், ஈரத் துணிக்குச் சுலபமாகப் போகும், அவ்வளவே.

வாங்கினால், சமையலறைக் குடிநீர்க் குழாயை மட்டும் சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சாஃப்ட்னர் தண்ணீரில் சோடியம் கூடும் என்பதால், வீட்டில் ரத்த அழுத்தத்துக்காக உப்பைக் குறைத்தவர்கள் இருந்தால் இது அவசியம்.