ரத்தத்துல எடுக்கிற பிளாஸ்மா இல்லம்மா இது

கேள்வி: டாக்டர், எனக்கு 46 வயசு. ‘கோல்டு பிளாஸ்மா’ (cold plasma) காட்டினா தோல் புதுசாகும்னு பார்லர்ல சொல்றாங்க. ரத்தம் எடுத்து ஊசி போடுவாங்களே, அதுவா? சுடுமா?

பதில்: அது வேறம்மா. முடி கொட்டுறதுக்குப் போடுற பிஆர்பிதான் உங்க ரத்தத்துலேர்ந்து எடுக்கிறது. கோல்டு பிளாஸ்மாங்கிறது ஆர்கான் மாதிரி வாயுவுல மின்சாரம் பாய்ச்சி உண்டாக்குறது, பேனா மாதிரி கருவி முனையில ஊதா நிறத்துல சின்னதா ஒரு சுடர் நிக்கும், ஆனா சூடு 40 டிகிரிக்குள்ளதான், தோல்ல பட்டா இளஞ்சூடா காத்து அடிக்கிற மாதிரி இருக்கும். அதுல உண்டாகுற ஆக்சிஜன், நைட்ரஜன் துகள்கள் கிருமியைக் கொல்லும், அளவா பட்டா தோல் செல் வளரத் தூண்டும். அளவு மீறினா அதே துகள் செல்லைக் கெடுத்துடும்.

ஜெர்மனியில கிரைஃப்ஸ்வால்ட் ஊர்ல உருவான கருவி 2013லயே புண்ணு வைத்தியத்துக்கு வந்துடுச்சு, சர்க்கரைக்காரங்க கால்ல ஆறாம கிடக்கிற புண்ணு சீக்கிரம் சுருங்குறதை ஆய்வுல பாத்திருக்காங்க, எனக்கு அதுதான் பெரிய விஷயம். முகச் சுருக்கத்துக்கு அவ்வளவு உறுதியான ஆதாரம் இன்னும் வரல.

‘பிளாஸ்மா பென்’னு வேற ஒரு கருவியால பொட்டு பொட்டா வைப்பாங்க பாருங்க, அது தோலை நிஜமாவே பொசுக்குறது, நம்ம மாநிறத் தோல்ல கருந்திட்டு விழுந்தா மாசக்கணக்குல போகாது. எந்தக் கருவின்னு கேட்டு எழுதிக்கிட்டு முதல்ல தோல் டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா.