மகளோடு தங்கியிருக்கும் பெண் தன்னை 'விட்ச்' என்கிறாள்!

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரில் எம்.எஸ்சி. படிக்கிறாள். அதே வீட்டில் தங்கியிருக்கும் வெள்ளைக்காரப் பெண், தன் மதம் 'விக்கா', தான் ஒரு 'விட்ச்', அதாவது சூனியக்காரி, என்று சாதாரணமாகச் சொல்கிறாளாம். அறையில் ஐந்து முனை நட்சத்திரம், மெழுகுவர்த்திகள், கறுப்புப் பிடி போட்ட கத்தி எல்லாம் இருக்கிறதாம். பௌர்ணமியன்று கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ முணுமுணுக்கிறாளாம். மகள் சிரிக்கிறாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பில்லி சூனியம் ஏதாவது வைத்துவிட்டால்? வேறு வீடு பார்க்கச் சொல்லட்டுமா?
– பெயர் வெளியிட வேண்டாம், திருச்சி

பதில்: வேண்டாம் அம்மா. படிப்புக்கு நடுவில் வேறு அறை தேடி அலைவதும், கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்குவதும்தான் உங்கள் மகளுக்கு நிஜமான தலைவலி.

அந்தக் கத்திதானே உங்களை ரொம்ப உறுத்துகிறது? வழிபாடு தொடங்கும்போது தங்களைச் சுற்றி வட்டம் போடுவதுபோல் காற்றில் கோடு இழுப்பார்கள், அதற்குத்தான் அது. அதைக்கொண்டு பொதுவாக எதையும் வெட்ட மாட்டார்கள். மூலிகை நறுக்கக்கூட வெள்ளைப் பிடி போட்ட கத்தி தனியாக வைத்துக்கொள்வது வழக்கம். உயிர்ப்பலி கிடையாது. நட்சத்திரத்தின் நான்கு முனைகள் நிலம், நீர், நெருப்பு, காற்று. ஐந்தாவதாக நாம் ஆகாயத்தைச் சொல்வோம், அவர்கள் ஆன்மாவைச் சொல்கிறார்கள். இறந்துபோன விக்கா மத ராணுவ வீரர்களின் கல்லறையில் இந்த நட்சத்திரத்தைப் பொறிக்க 2007இல் அமெரிக்க அரசே ஒத்துக்கொண்டது. குடும்பத்தினர் வழக்குப் போட்ட பிறகுதான், அது வேறு விஷயம்.

சாத்தானைக் கும்பிடுகிறவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. சாத்தான் கிறிஸ்தவ மதத்துக்காரன். விக்காவில் அவனுக்கு வேலையே இல்லை. பெரும்பாலோர் வணங்குவது ஒரு தேவியையும் கொம்புள்ள ஒரு தெய்வத்தையும். அந்தக் கொம்பைப் பார்த்துத்தான் ஊர் மிரள்கிறது. அது காட்டுக்கும் வேட்டைக்கும் உரிய சாமியின் மான்கொம்பு.

சரி, மந்திரம் செய்வார்களா? செய்வார்கள். வேலை கிடைக்க, உடம்பு தேற என்று மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டிக்கொள்வார்கள். 'யாருக்கும் தீங்கில்லை என்றால் விரும்பியதைச் செய்' என்பதுதான் அவர்களுடைய முக்கியமான நெறி. செய்த கெடுதல் மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள். இதெல்லாம் பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. பலிக்காத ஒன்று உங்கள் மகளை என்ன செய்துவிடும்?

கதை விடுவதில் அவர்களும் சளைத்தவர்கள் இல்லை. கிறிஸ்துவுக்கு முந்தைய ஆதி மதம் இது என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். உண்மையில் இதற்கு நம் தாத்தா பாட்டி வயதுதான். ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் இதற்கு உருக்கொடுத்தார். 1900இல் பதின்ம வயதில் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர், பழைய சூனியக்காரிகளின் குழு ஒன்றில் 1939இல் தனக்குத் தீட்சை கிடைத்ததாகச் சொன்னார். மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக்கொள்வதைக் குற்றமாக்கிய 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் அங்கே 1951இல் ரத்தானது. அதன் பிறகுதான், 1954இல் புத்தகம் போட்டு இதை ஊரறியச் செய்தார். 'எங்கள் முன்னோரில் 90 லட்சம் பேரைச் சூனியக்காரர்கள் என்று எரித்துக் கொன்றார்கள்' என்று சிலர் சொல்வதும் அப்படி விட்ட கதைதான். சூனியக்காரர்கள் என்று ஐரோப்பாவில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 வரை என்பது வரலாற்றாசிரியர்களின் கணக்கு. அதுவே கொடுமைதான், கூட்டிச் சொல்லத் தேவையில்லை. அவர்களில் பெரும்பாலோர் விக்காக்காரர்களின் முன்னோரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் பழி போட்டதால் மாட்டிக்கொண்ட சாதாரண கிறிஸ்தவர்கள். இங்கிலாந்தில் அவர்களைத் தூக்கில்தான் போட்டார்கள்.

மதம் மாற்றிவிடுவாளோ என்ற பயமும் வேண்டாம். ஆள் சேர்க்கும் மதம் இல்லை இது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்தே சுமார் 13,000 பேர்தான் தங்கள் மதம் விக்கா என்று எழுதியிருக்கிறார்கள். அக்டோபர் 31 அன்று அந்தப் பெண் செத்தவர்களை நினைத்துச் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கலாம். நாம் அமாவாசைக்குப் படையல் போடுவதுபோலத்தான். கூப்பிட்டால் உங்கள் மகள் போகலாம். பிடிக்கவில்லை என்றால் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

மகளிடம் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அங்கே பல வாடகை ஒப்பந்தங்களில் மெழுகுவர்த்தி ஏற்றவே தடை இருக்கும். அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எரியவிட்டுத் தூங்கக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் நேராகப் பேசட்டும். அப்புறம், புகை எச்சரிக்கை மணி வேலை செய்கிறதா என்று இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.