மீனுக்கு நார்ச்சத்துப் பொடி வேண்டுமா? வாசகர் கேள்வி – பதில்

தீவனத்தில் கலக்கிற நார்ச்சத்துப் பொடிகளைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். ரோகு, கட்லா, மிருகால் மூன்றும் கலந்து விட்டிருக்கிறேன். "இன்யூலின் கலந்த நார்ச்சத்துப் பொடி, குடலில் நல்ல பாக்டீரியா பெருகும், மீன் எடை ஏறும்" என்று ஒருவர் விற்க வந்தார். ஆனால் தீவன மூட்டையில் நார் இத்தனை சதவீதத்துக்கு மேல் இல்லை என்றுதானே போடுகிறார்கள்? அப்போது நார் நல்லதா, கெட்டதா? – ஒரத்தநாடு வாசகர்

பதில்: இரண்டு பேரும் பேசுவது ஒரே நாரைப் பற்றி இல்லை, அதனால்தான் இந்தக் குழப்பம். மூட்டையில் அச்சடித்திருப்பது கச்சா நார். ஆய்வகத்தில் தீவன மாதிரியை முதலில் அமிலத்திலும் பிறகு காரத்திலும் கொதிக்கவைப்பார்கள், கரையாமல் மிஞ்சியதை எடைபோட்டு, எரித்துப் பார்த்துச் சாம்பலைக் கழித்துவிட்டுச் சொல்கிற கணக்கு அது. உமி, தவிட்டின் தோல், செடியின் தண்டு இவற்றில் இருக்கும் செல்லுலோஸும் லிக்னினும்தான் பெரும்பாலும் இதில் அகப்படும். மீனுக்கு இவற்றைச் செரிக்கத் தெரியாது. அவை கூடினால் தீவனத்தில் புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் இடம் குறையும், கழிவு கூடும், குளத்தின் அடியில் சேறு ஏறும். அதனால் மூட்டைக்காரர் சொல்வது சரி.

விற்க வந்தவர் சொன்ன இன்யூலின் வேறு ரகம். அது சர்க்கரைத் துண்டுகள் சங்கிலியாகக் கோத்த பொருள், தண்ணீரில் கரையும், அதனால் கச்சா நார் கணக்கில் வரவே வராது. பூண்டிலும் வெங்காயத்திலும் இருக்கிறது, வியாபாரத்துக்கு எடுப்பது பெரும்பாலும் சிக்கரிக் கிழங்கிலிருந்து. (காபித்தூளில் கலக்கிற அதே சிக்கரிதான், ஆனால் அது வறுத்தது. வறுக்கும்போது இன்யூலினில் பெரும் பங்கு சிதைந்துவிடும், அதனால் மலிவாகக் கிடைக்கிறதே என்று சிக்கரித்தூளை வாங்கித் தீவனத்தில் கொட்டாதீர்கள்.) மீனின் செரிமான நொதிகளால் இன்யூலினை வெட்ட முடியாது. அது முழுசாகக் குடலின் பின்பகுதிக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்களில் சிலவற்றுக்கு அதை வெட்டும் நொதி உண்டு. அவை அதைத் தின்று நொதிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலங்களை வெளிவிடும். குடல் சுவரின் செல்கள் இவற்றை உறிஞ்சி எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், குடலுக்குள் அமிலத்தன்மையும் கொஞ்சம் கூடும், அது சில நோய்க்கிருமிகளுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆக, நீங்கள் தீனி போடுவது மீனுக்கு இல்லை, அதன் குடலில் இருக்கிற பாக்டீரியாவுக்கு. இப்படிப்பட்ட பொருள்களுக்கு ப்ரீபயாடிக் என்று 1995இல் கிப்சன், ராபர்ஃப்ராய்ட் என்ற இருவர் பெயர் வைத்தார்கள். அவர்கள் எழுதியது மனிதக் குடலைப் பற்றி.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் கவனியுங்கள். நம் பெருங்குடலில் சக்கை ஒரு நாளுக்கு மேல்கூடத் தங்கும், பாக்டீரியாவுக்கு நொதிக்கவைக்க நேரம் தாராளம். வெதுவெதுப்பான குளத்தில் கெண்டையின் குடலைத் தீவனம் சில மணி நேரத்தில் கடந்துவிடும். அதோடு நம் குடலில் இருக்கும் கூட்டம் வேறு, மீனின் கூட்டம் வேறு. நன்னீர் மீனில் ஏரோமோனாஸ், சூடோமோனாஸ், சீட்டோபாக்டீரியம் வகைகள் அதிகம், கடல் மீனில் விப்ரியோவும் ஃபோட்டோபாக்டீரியமும் அதிகம். அதுவும் நிலையான கூட்டம் இல்லை. தண்ணீர், தீவனம், வெப்பநிலை மாறினால் அதுவும் மாறும். அதனால் மனிதனுக்கு நல்லது செய்தது மீனுக்கும் அப்படியே செய்யும் என்று நம்பிப் பணம் போடக்கூடாது.

பலனே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். டர்பட் என்கிற தட்டையான கடல் மீனின் குஞ்சுகளுக்குத் தீவனத்தில் 2 சதவீதம் கலந்து பார்த்தபோது, இன்யூலினைவிட அதன் குட்டைச் சங்கிலி வடிவமான ஆலிகோஃப்ரக்டோஸ்தான் வளர்ச்சியைக் கூட்டியது, குடலில் பேசில்லஸ் வகையும் கூடியது. ஒரே குடும்பத்துப் பொருள்தான், சங்கிலியின் நீளம் மாறியதும் விளைவு மாறிவிட்டது. உங்களிடம் வந்தவரின் பொடியில் எது, எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா? போடவில்லை என்றால் வாங்க வேண்டாம்.

கேள்வி: நார்தான் நல்லது என்றால் தவிட்டைக் கூட்டிப் போட்டால் போதாதா சார்? தொட்டியில் ஜிலேபி மீன் வளர்க்கிறேன். – மேட்டூர் வாசகர்

பதில்: போதாது. தவிட்டின் நார் பெரும்பாலும் கரையாத நார், பாக்டீரியாவுக்கு அதில் தின்ன அதிகம் கிடைக்காது. ஆனால் உங்கள் தொட்டிக்கு வேறு ஒரு விஷயம் முக்கியம். நெதர்லாந்தில் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் இதே ஜிலேபி மீனுக்கு ஒரு பிரிவில் செல்லுலோஸும் இன்னொரு பிரிவில் கொத்தவரை விதைக் கோந்தும் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள், 2005இல் வெளிவந்தது. கரையாத செல்லுலோஸ் கொடுத்த மீனுக்குச் செரிமானம் கெடவில்லை, கழிவும் கெட்டியாக இருந்து எளிதில் பிரித்தெடுக்க வந்தது. கரையும் கோந்து கொடுத்த மீனுக்கு வளர்ச்சியும் செரிமானமும் குறைந்தன, கழிவை அள்ளுவதும் கஷ்டமாகிவிட்டது. கோந்து குடலுக்குள் கொழகொழவென்று ஆகிவிடுவதால் நொதியும் சத்தும் ஒன்றோடொன்று சரியாகக் கலப்பதில்லை. கரையும் நார் என்றாலே நல்லது என்று யாராவது சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். இன்யூலின் அந்த அளவுக்குக் கொழகொழப்பதில்லை, இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கேள்வி: புல் கெண்டை நாள் முழுக்கப் புல் தின்கிறதே, அப்படியானால் மாட்டைப் போல அதன் வயிற்றிலும் புல்லைச் செரிக்கிற பாக்டீரியா இருக்கிறதா? – கும்பகோணத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில் புல் கெண்டைக்கு இரைப்பையே கிடையாது, கெண்டை இனம் முழுவதற்கும் கிடையாது. மாட்டுக்கு இருப்பது போலப் புல்லை நாள்கணக்கில் ஊறவைக்க ஒரு பை அதனிடம் இல்லை. தொண்டையில் உள்ள பல்லால் புல்லைக் கிழித்து, செல்லைப் பிழிந்து, உள்ளே இருக்கும் சாற்றையும் புரதத்தையும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் பச்சையாகவே வெளியே வந்துவிடும். புல் கெண்டை விட்ட குளத்தில் காலையில் போய் ஓரத்தைப் பாருங்கள், கழிவு பச்சைப் பச்சையாக மிதக்கும், விரலில் எடுத்துத் தேய்த்தால் புல் நார் அப்படியே தெரியும். அந்தக் கழிவு உரமாகி நுண்ணுயிர் பெருகி மற்ற கெண்டைகள் வளரும், கூட்டு மீன் வளர்ப்பில் அதைச் சேர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் செல்லுலோஸை உடைக்கிற பாக்டீரியா அதன் குடலில் இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. மேற்கு வங்கத்தில் சாந்திநிகேதனில் இருக்கும் விசுவபாரதி பல்கலைக்கழகத்தில் ரோகு, புல் கெண்டை, ஜிலேபி மீன் ஆகியவற்றின் குடலிலிருந்து செல்லுலோஸை உடைக்கும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். கிண்ணத்தில் வளர்த்தால் அவை வேலை செய்கின்றன. மீனின் குடலுக்குள் அந்தச் சில மணி நேரத்தில் அவை மீனுக்கு எவ்வளவு சத்து சம்பாதித்துக் கொடுக்கின்றன என்பது வேறு கேள்வி, மாட்டின் கணக்கோடு அதை ஒப்பிடவே முடியாது. நொதித்தலை நம்பி வாழ்கிற மீன் வேண்டுமென்றால் கடலுக்குப் போக வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கம் கடல்பாசி தின்று வாழும் கைஃபோசஸ் வகை மீன்களின் பின்குடலில் அந்தச் சிறு கொழுப்பு அமிலங்கள் ஏராளமாக இருக்கும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு சொன்ன சீட்டோபாக்டீரியம், கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் குடலிலேயே வைட்டமின் பி12 செய்து கொடுக்கிறது. அதனால்தான் இந்த மீன்களுக்குத் தீவனத்தில் பி12 தனியாகச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை. பாக்டீரியா இல்லாமல் மீன் வளர்ப்பே இல்லை என்று நான் சொல்வதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: நார்வேயில் நார்ச்சத்து கொடுத்து மீனின் குடலே கெட்டுவிட்டதாகப் படித்தேன். பயமாக இருக்கிறது, நிறுத்திவிடவா? – பட்டுக்கோட்டை வாசகர்

பதில்: நீங்கள் படித்தது 2001இல் வந்த ஆய்வாக இருக்க வேண்டும். ஆர்க்டிக் சார் என்ற குளிர்நீர் மீனுக்குத் தீவனத்தில் 15 சதவீதம் இன்யூலின் கொடுத்தார்கள். நுண்நோக்கியில் பார்த்தபோது பின்குடல் செல்களுக்குள் இன்யூலின் சேர்ந்து, செல்கள் உப்பிச் சேதமடைந்திருந்தன. 2006இல் அதே மீனில் குடல் பாக்டீரியாவை எண்ணினார்கள், எண்ணிக்கை பெருகவில்லை, குறைந்திருந்தது. பாக்டீரியாவுக்குத் தீனி என்று போட்டது அவற்றைக் குறைத்துவிட்டதே என்று எல்லோரும் திகைத்த முடிவு அது.

ஆனால் 2007இல் வந்த ஆய்வில் அட்லாண்டிக் சால்மனுக்கு அதில் பாதி, 7.5 சதவீதம் கொடுத்துப் பார்த்தபோது, பாக்டீரியா குறைந்தது, குடல் சுவருக்குச் சேதம் இல்லை. அதே சோதனையில் சோயாப் புண்ணாக்கு கொடுத்த சால்மனுக்குத்தான் குடல் வீக்கம் வந்தது. சாரும் சால்மனும் ஒரே குடும்பத்து மீன்கள், ஆனால் கொடுத்த அளவும் வேறு, முடிவும் வேறு. அப்படியிருக்க, நம் ஊர் 30 டிகிரிக் குளத்து ரோகுவுக்கு நார்வே முடிவை அப்படியே தூக்கிப் பொருத்த வேண்டாம், நல்லதானாலும் சரி கெட்டதானாலும் சரி. அளவை மட்டும் பாருங்கள். 15 சதவீதம் என்றால் ஒரு கிலோ தீவனத்தில் 150 கிராம், அவ்வளவு யாரும் போடப்போவதில்லை. இந்தத் துறையில் சோதிக்கிற அளவு பெரும்பாலும் 0.5 முதல் 2 சதவீதம், அதாவது கிலோவுக்கு 5 முதல் 20 கிராம். நீங்கள் அதற்குள் இருந்தால் பயம் வேண்டாம், கூடப் போட்டால் கூடப் பலன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

கேள்வி: ஈஸ்ட் செல் சுவர் என்று ஒரு பொடி கொடுக்கிறார்கள். இதுவும் அதுதானா? – சிதம்பரம் வாசகர்

பதில்: வேலை செய்கிற விதம் வேறு. அதில் இருப்பது மேனன் ஆலிகோசாக்கரைடும் பீட்டா குளூக்கனும். சில கெட்ட பாக்டீரியாக்கள் குடல் சுவரில் இருக்கும் மேனோஸ் என்ற சர்க்கரையைப் பிடித்துத்தான் ஒட்டும். பொடியில் அதே சர்க்கரை இருப்பதால் சுவருக்குப் பதில் அதைப் பிடித்துக்கொண்டு கழிவோடு போய்விடும் என்பது இதன் கணக்கு. பீட்டா குளூக்கன் நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும். இன்யூலின், ஈஸ்ட் பொடி இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, நோய்தான் கவலை என்றால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன்.

கேள்வி: சரி, வாங்கிவிட்டேன். எப்படிக் கலப்பது, பலன் தெரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? ஆன்டிபயாடிக் கொடுக்கும்போதும் கொடுக்கலாமா? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: இன்யூலின் தண்ணீரில் கரையும் என்று சொன்னேன் அல்லவா, சும்மா தீவனத்தின் மேல் தூவிக் குளத்தில் போட்டால் பாதி தண்ணீரோடு போய்விடும். பொடியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தீவனத்தில் தெளித்து, நிழலில் உலர்த்தி, மேலே மீன் எண்ணெயோ பைண்டரோ (ஒட்டவைக்கிற பசை) பூசிவிடுங்கள். அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், ஈரம் பட்ட தீவனம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சைத் தீவனம் செய்கிற கெடுதலை எந்தப் பொடியாலும் சரிசெய்ய முடியாது.

பலனைப் பார்க்க இரண்டு குளம் வேண்டும். ஒரே பண்ணையின் குஞ்சு, ஒரே அடர்த்தி, ஒரே தீவனம், ஒன்றில் மட்டும் பொடி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீச்சு வலை போட்டு எடை பாருங்கள், போட்ட தீவனக் கணக்கையும் எழுதி வையுங்கள். ஒரே குளத்தில் போட்டுவிட்டு 'மீன் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதில் அர்த்தமில்லை, அந்த மாதம் மழை பெய்து தண்ணீர் நன்றாக இருந்திருக்கலாம். காலையில் மீன் வாயைத் திறந்துகொண்டு மேலே வருகிறதா, அம்மோனியா ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆக்சிஜன் குறைந்த குளத்தில் மீன் தீவனமே எடுக்காது, அப்புறம் பொடி எங்கே போய்ச் சேரும்?

ஆன்டிபயாடிக்கும் இதுவும் ஒரே நேரத்தில் வேண்டாம். ஒரு கையால் பாக்டீரியாவைக் கொன்றுகொண்டே இன்னொரு கையால் தீனி போடுவது வீண் செலவு. மருந்தே மீன்வள மருத்துவர் சொல்லாமல் கொடுக்கக்கூடாது, குளோராம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் நம் நாட்டில் மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 தொடக்கத்திலிருந்து நிறுத்திவிட்டது. அதற்கு மாற்றுத் தேடியதில்தான் இந்த நார்ச்சத்துப் பொடிகளுக்கு இவ்வளவு கிராக்கி வந்தது. மருந்துக் கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துப் பொடியைத் தொடங்குங்கள்.

கேள்வி: நார்ச்சத்து கொடுத்து வளர்த்த மீனைச் சாப்பிட்டால் நமக்கும் நார்ச்சத்து கிடைக்குமா? – மதுரையிலிருந்து ஒரு இல்லத்தரசி

பதில்: கிடைக்காது அம்மா. அது மீனின் குடலோடு முடிந்துவிடும், சதைக்கு வராது. குழம்போடு கீரையும் காயும் வைத்துக்கொள்ளுங்கள்.